சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பைக்: பழுதைக் கண்டுபிடிக்கும் வரிசை

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்ச் சேரும் வரை ஒழுங்காக ஓடுகிறது. சாமி கும்பிட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் வந்து உதைத்தால் எடுக்க மறுக்கிறது. முக்கால் மணி நேரம் நிழலில் கிடந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடுகிறது. இந்த வழிகாட்டி அந்தக் கோளாறைப் பற்றியது. 100 முதல் 150 சிசி வரையிலான, காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டிகளுக்கு வேறுபடும் இடங்கள் 10ஆம் பகுதியில் உள்ளன.

இந்தப் பழுதில் புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, வரிசைக் குறைவு. கோளாறு நம் கண்முன் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் தவறான சோதனையை முதலில் செய்தால், அடுத்த சோதனைக்கான தடயம் அழிந்துவிடும். வண்டி வந்தவுடன் இருபது முறை உதைத்துப் பார்ப்பவர், காய்ந்திருந்த பிளக்கைத் தானே நனைத்துவிட்டு, பிறகு கார்புரேட்டரைக் குற்றம் சொல்கிறார்.

1. இது சூட்டுக் கோளாறுதானா என்று உறுதி செய்தல்

வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா, நிறுத்திய பிறகு எடுக்கவில்லையா? நிறுத்திய அடுத்த நிமிடமே எடுக்கவில்லையா, பத்து நிமிடம் கழித்தா? தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறதா?

ஓடும்போதே நிற்பது பெரும்பாலும் தீப்பொறி அறுவதையோ பெட்ரோல் வராததையோ காட்டும். நிறுத்திய உடனே எடுத்து, பத்து நிமிடம் கழித்து மட்டும் எடுக்காமல் போனால், நின்ற வண்டியில் எஞ்சினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று கார்புரேட்டரைக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அந்தக் காற்று போய்விடுவதால், கார்புரேட்டர் மிக அதிகமாகச் சூடேறுவது நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகுதான்.

தள்ளினால் ஓடுகிறது என்பதை வைத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட வேண்டாம். தள்ளும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் பலவீனமான தீப்பொறியும் வலுப்பெறும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) கசிவதும் மறைந்துவிடும். செல்ஃப் சுற்றும் வேகமே சூட்டில் குறைந்தால் மட்டும் பேட்டரியையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வண்டி சூடான பிறகு ஸ்பேனர் தேடி ஓடினால் நேரம் அதிலேயே கரைந்துவிடும். பிளக் ஸ்பேனர், நல்ல நிலையில் உள்ளதென்று தெரிந்த ஒரு பிளக், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ், ஒரு சிறு கண்ணாடி பாட்டில், அரையடி ஒளிபுகும் பெட்ரோல் டியூப், ஈரத்துணி, தலைமுடி உலர்த்தும் டிரையர், ஒரு நோட்டு, பேனா ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரையரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. 6ஆம் பகுதி வரை பொறுத்திருக்கட்டும்.

பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே இடத்தில் இருக்கும் வேலை இது. ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டறைச் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியை அணைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

3. காலையில், குளிர்ந்த எஞ்சினில் செய்ய வேண்டியவை

வண்டியை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துவிட்டு, விடியற்காலையில் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, அளப்பது நல்லது. எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வது வழக்கம். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் பத்து மணிக்கே ஓடாத வண்டியின் எஞ்சினும் அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், மதியம் எடுத்த அளவை நம்ப முடியாது.

மேக்னட்டில் (எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரத்தில்) உள்ள, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி குறியை நேர்ப்படுத்தி, இரண்டு ராக்கர்களும் தளர்வாக ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் அவசரப்பட்டு டேப்பட்டைத் தளர்த்தாமல், இன்னொரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பார்க்க வேண்டும்; கம்ப்ரஷன் அடியில் இல்லாமல் எக்ஸாஸ்ட் அடியில் நின்றுகொண்டு அளந்துவிடுவது முதல் மாதத்தில் எல்லாரும் செய்யும் பிழை. சிறு எஞ்சின்களில் அளவு பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும், சரியான எண்ணை அந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

டேப்பட் தளர்ந்தால் சத்தம் வரும், வண்டிக்காரரே கொண்டு வந்துவிடுவார். இறுகினால் சத்தமே வராது, வண்டி அமைதியாக ஓடுவதாக அவர் மகிழ்வார். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து இடைவெளியைத் தின்றுவிடுகிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு மீதி இடைவெளியும் மறையும்போது, வால்வு முழுதாக மூடாமல் நூலளவு திறந்தே நிற்கும். எஞ்சின் வேகமாக ஓடும்போது அந்தக் கசிவு தெரியாது. உதைக்கும் மெதுவான வேகத்தில் கம்ப்ரஷன் முழுவதும் அதன் வழியாகப் போய்விடும்.

இடைவெளி குறைவாக இருந்தால் குறித்துக்கொண்டு, அதை மட்டும் சரிசெய்து, வேறெதையும் தொடாமல் 4ஆம் பகுதிக்குப் போக வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போகும்.

அதே காலையில் இன்னும் மூன்று வேலைகள் உண்டு. குளிர்ந்த நிலையில், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷனை அளந்து எழுத வேண்டும். இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிக்கப் காயில் (தீப்பொறி எப்போது வர வேண்டும் என்று சைகை தருவது) ஆகியவற்றின் ஓம் அளவுகளை எழுத வேண்டும். பிளக்கை ஒருமுறை தளர்த்தி, கையால் மரை பிடித்துத் திரும்ப ஏற்றி மிதமாக இறுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் நாள்பட்டு இறுகிய பிளக்கைச் சூட்டில் பலங்கொண்டு கழற்றினால் மரையே பிளக்கோடு வந்துவிடும். காலையில் ஒருமுறை தளர்த்தியிருந்தால் மதியம் இலேசாக வரும்.

4. கோளாறை வரவழைத்தல்

நிற்க வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிச் சூடேற்றுவது தவறான வழி. காற்றோட்டம் இல்லாமல் எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதிக்கும்; அதில் வரும் கோளாறு வண்டிக்காரர் அனுபவிக்கும் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து குன்றக்குடி வரை போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டர் ஆகும், அதுவே போதும். திரும்பி வந்ததும் வெயிலில், வண்டிக்காரர் நிறுத்தும் விதமாகவே நிறுத்தி, அவர் சொன்ன அதே நேரம் காத்திருக்க வேண்டும்.

பிறகு சோக் இழுக்காமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல், மூன்றே உதை. எடுக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். இனி ஒவ்வொரு உதைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

5. முதலில் தீப்பொறி, பிறகு பிளக்கின் முகம்

ஹெட்டில் இருக்கும் பிளக்கைக் கழற்றாமல், பிளக் கேப்பை மட்டும் பிடுங்கி, எடுத்து வைத்த நல்ல பிளக்கில் மாட்டி, அதன் உடலை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வைத்து உதைக்க வேண்டும். பழைய பிளக் துளையிலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து தீப்பிடிக்க வழியில்லை. கம்ப்ரஷனும் இருப்பதால், உண்மையில் ஸ்டார்ட் செய்யும்போது கிடைக்கும் அதே வேகத்தில்தான் தீப்பொறியைப் பார்க்கிறோம்.

நீலமாக, டக்கென்ற ஓசையோடு தாவினால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் சிலிண்டருக்குள் அது வராது என்றே கொள்ள வேண்டும். திறந்த வெளியில் தாவுவதைவிட அமுக்கப்பட்ட காற்றில் தாவுவது தீப்பொறிக்குக் கடினம். வெயிலில் நீலம் தெரியாது. துண்டை மேலே போட்டு நிழல் உண்டாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். தீப்பொறியே தெரியவில்லை என்று நடுப்பகலில் முடிவு கட்டி காயில் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் பழைய பிளக்கைக் கழற்ற வேண்டும். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்பதை முதல் ஐந்து வினாடியில் பார்த்துவிட வேண்டும். சூடான பிளக்கில் பெட்ரோல் நின்று காத்திருக்காது.

தீப்பொறி இல்லை என்றால் 6. தீப்பொறி உண்டு, பிளக் நனைந்திருக்கிறது என்றால் 7. உலர்ந்திருக்கிறது என்றால் 8. நல்ல பிளக்கை ஹெட்டில் மாட்டியதும் வண்டி எடுத்துவிட்டால், பழைய பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆனாலும் அதே பழைய பிளக்கை மறுநாள் சூட்டில் மாட்டிக் கோளாறு திரும்புகிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

6. தீப்பொறி இல்லாதபோது

முதலில் பிளக் கேப்பைக் கழற்றி, வயரை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிய முனையில் மாட்டிப் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை. ரெசிஸ்டர் உள்ள கேப்பில் மீட்டர் 5 கிலோ ஓம் அளவில் காட்டுவது வழக்கம். எல்லையில்லாமல் காட்டினால் கேப் போய்விட்டது.

அடுத்து, பிழிந்த ஈரத்துணியை இக்னிஷன் காயில்மேல் மட்டும் இரண்டு நிமிடம் சுற்றி வைத்து, மறுபடி தீப்பொறி பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் குற்றவாளி கையில் அகப்பட்டதுபோல்தான். எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்: சூடான ஹெட்டும் ஃபின்களும் விரிசல் விடக்கூடும், அதோடு எல்லாப் பாகமும் ஒன்றாகக் குளிர்ந்துவிடுவதால் எது காரணம் என்பதும் தெரியாமல் போகும்.

காயில் சரி என்றால் பிக்கப் காயிலின் இணைப்பைக் கழற்றி, சூட்டிலேயே ஓம் அளக்க வேண்டும். இங்கேதான் மீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறுகிறார்கள். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் இயல்பாகவே ஏறும். காலையில் 200 ஓம் காட்டிய காயில், 60 டிகிரி கூடுதல் சூட்டில் 250 ஓம் அளவுக்குக் காட்டுவது நோய் அன்று. எண் ஒரேயடியாகத் தாவினாலோ, குதித்துக் குதித்து ஓடினாலோ, எல்லையில்லாமல் போனாலோதான் உள்ளே கம்பி அறுந்து, சூட்டில் விலகுகிறது என்று பொருள். சிடிஐ (தீப்பொறியை உரிய நேரத்தில் விடும் மின்னணுப் பெட்டி) பேட்டரியிலிருந்து அல்லாமல் மேக்னட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் பழைய ஏசி சிடிஐ வண்டிகளில் மேக்னட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் காயிலையும் இதேபோல் அளக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் காயிலைக் கழற்றி மேசைமேல் வைத்து, மீட்டரை மாட்டிய நிலையில் டிரையரால் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எங்கள் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருநாள் டிரையரைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இருநூற்றுப் பத்து, இருநூற்று இருபது என்று படிப்படியாக ஏறியது, இருநூற்று முப்பத்தெட்டில் திடீரென்று திரையில் எண் மறைந்துபோனது. “அண்ணே, மீட்டர் பேட்டரி போச்சுண்ணே” என்றான். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. டிரையரை அணைத்து ஐந்து நிமிடம் கழித்ததும் எண் தானாகத் திரும்பி வந்தது. பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் அந்த வண்டிக்கு நடந்தது என்ன என்பதை மேசைமேலேயே பார்த்துவிட்டோம்.

சிடிஐ பெட்டியை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. நன்றாக ஓடும் அதே மாடல் வண்டியின் பெட்டியை, கோளாறு கண்முன் இருக்கும்போதே மாற்றி மாட்டித்தான் பார்க்க வேண்டும். கேப், வயர், காயில், பிக்கப், கில் சுவிட்ச், எர்த் இணைப்பு எல்லாம் தேறிய பிறகு கடைசியாக வரவேண்டியது அது. புதியவர்கள் முதலில் வாங்குவதும் அதுவே.

7. பிளக் நனைந்திருந்தால்

பெட்ரோல் தேவைக்கு மேல் வந்திருக்கிறது. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இழுக்காமல், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு முறை உதைத்தால், கரும்புகையோடு எடுத்துவிடும். எடுத்தால் சந்தேகம் உறுதியாகிறது; பழுது தீரவில்லை.

சோக் பிளஞ்சர் முழுதாக இறங்கி உட்காருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நம் பக்கத்துச் செம்மண் தூசு கேபிள் உறைக்குள் புகுந்து பிளஞ்சரைப் பாதியில் பிடித்து வைத்துவிடும். காலையில் அது உதவி போலவே தோன்றும், சூட்டில் பெட்ரோலைக் கொட்டும். அடுத்தது ஏர் ஃபில்டர்: செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் பாதியிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகு மிதவை ஊசி, அதாவது கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி. ஊசியின் ரப்பர் முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டு விழவில்லை என்பதால் ஊசி நல்லது என்று ஆகாது. மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலே, சூட்டில் கொதிக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறி உள்ளே வழிந்துவிடும்.

பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே தடித்த பேக்கலைட் துண்டு இருக்கும். சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. பழைய வேலையில் அது உடைந்து, யாரோ காகிதப் பேக்கிங்கை மட்டும் வெட்டிப் போட்டிருந்த ஒரு வண்டிக்கு நான் ஊசியையும் ஜெட்டையும் மாற்றி, மூன்று வாரத்தில் இரண்டு முறை திரும்ப வாங்கினேன். நிறுத்திப் பத்து நிமிடத்தில் மிதவைக் கிண்ணத்தைத் தொட முடியாத அளவு சுட்டபோதுதான் அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. இப்போது நனைந்த பிளக்கைக் கண்டால், கார்புரேட்டரைத் திறக்கும் முன் அந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

8. பிளக் உலர்ந்திருந்தால்

முதல் வேலை பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டி எடுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று போகாததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். நேரம் போகப் போக அது தானே சமனாகிவிடும். அதனால்தான் இது சூட்டுக் கோளாறுபோல வேடம் போடுகிறது.

அடுத்து, கார்புரேட்டர் பக்கமுள்ள டியூபைக் கழற்றி ஒளிபுகும் டியூபை மாட்டி, கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினுக்கு அருகில் ஒரு சொட்டும் சிந்தாமல் செய்ய வேண்டிய வேலை இது. வரத்து தடையில்லாமல் இருக்க வேண்டும். குமிழி குமிழியாக, நின்று நின்று வந்தால், டியூப் எஞ்சினைத் தொட்டுக்கொண்டு போகிறதா, கடையில் வாங்கிய கூடுதல் ஃபில்டரைச் சூடான இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வரத்து நன்றாக இருந்தும் பிளக் உலர்ந்திருந்தால் பைலட் ஜெட்டையும் (ஐட்லிங்கில் பெட்ரோல் வரும் சிறு துளை), கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் விரிசலையும் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு அந்தக் குழாயில் சோப்புத் தண்ணீரைப் பூசினால், ஐட்லிங் மாறுவதிலிருந்து காற்றுக் கசிவு தெரியும். சூடான எஞ்சினில் பெட்ரோலையோ எரியும் ஸ்பிரேயையோ அடித்துப் பார்க்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்து.

9. தீப்பொறியும் உண்டு, பெட்ரோலும் சரி என்றால்

சூட்டிலேயே, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து கம்ப்ரஷனை அளந்து, காலையில் எழுதிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். தனியாக ஓர் எண் நல்லதா கெட்டதா என்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பேசும். வெகுவாக இறங்கியிருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக இரண்டு முறை மிதித்து ஆயிலைப் பரவவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் கசிகிறது. ஏறாவிட்டால் கசிவு வால்வில். டேப்பட் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஹெட்டை இறக்கி வால்வு இருக்கையைப் பார்க்க வேண்டியதுதான்.

10. எஃப்ஐ வண்டிகளில் வேறுபடுபவை

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்ஐ. தீப்பொறி, பிளக், கம்ப்ரஷன் சோதனைகள் அப்படியே பொருந்தும். ஆனால் சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு மூன்று வினாடி முனகும் ஓசையை முதலில் கேட்க வேண்டும். குளிரில் கேட்டு, சூட்டில் கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, இணைப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பழுதுக் குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் பேட்டரியைக் கழற்றலாம்.

எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாருக்குத் தனிக் கவனம் தேவை. சூடேற ஏற அதன் தடை குறைய வேண்டும். அது குறையாமல் நின்றால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். கார்புரேட்டர் வண்டியில் சோக் மாட்டிக்கொண்டதற்கு இது சமம். சென்சாரைக் கழற்றி, தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம்.

11. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

ஒருமுறை எடுத்துவிட்டது என்று கொடுத்துவிடக் கூடாது. அதே தூரம், அதே வெயில், அதே காத்திருப்பு என்று மூன்று முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறுத்திய உடனே, பத்து நிமிடத்தில், இருபது நிமிடத்தில் என்று காத்திருக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. கழற்றிய பாகத்தை எறியாமல், வண்டி எண்ணை எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

டேப்பட் இறுகியிருந்ததே காரணம் என்றால், பழைய இடைவெளி, புதிய இடைவெளி, தேதி, கிலோமீட்டர் நான்கையும் வண்டிக்காரரின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் விடியற்காலையில் மறுபடி அளக்கக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அதற்குள் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மீண்டும் குறைந்திருந்தால் இருக்கை தேய்ந்துகொண்டே போகிறது. டேப்பட்டை இன்னொரு முறை தளர்த்தி அனுப்பாமல் ஹெட்டை இறக்கிவிட வேண்டும்.